துணிக் கணக்கைத் துவைக்கும் நாளிலிருந்து தொடங்குங்கள்: கல்லூரி மாணவர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: முதலாண்டு சேர்கிறேன், விடுதியில் தங்கப் போகிறேன். துணிக்கென்று வீட்டில் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். எதை எத்தனை வாங்குவது என்றே பிடிபடவில்லை.

தொகையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எண்ணிக்கை எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

வாரம் ஒருமுறைதான் துவைப்பீர்கள் என்றால், 7 நாளோடு துவைத்தது காய ஒரு நாள், மழை பிடித்துக்கொண்டால் இன்னொரு நாள் என 9 நாளைக்குத் துணி கையில் இருக்க வேண்டும். உள்ளாடை, சாக்ஸ் போலத் தினமும் மாற்றுபவை 9 வீதம் வேண்டும். சட்டை, டீ-ஷர்ட், டாப்ஸ் போன்ற மேலாடைகள் வகுப்புக்கு 6, அறையில் போட 3. ஜீன்ஸை 3, 4 தடவை உடுத்திய பிறகு துவைத்தால் போதும் என்பதால் பேண்ட் 3 இருந்தால் தாராளம்.

அதே ஆள் வாரம் இருமுறை துவைத்தால் வகுப்புக்கு 4 மேலாடை, 6 உள்ளாடையில் சமாளித்துவிடலாம். துணி பற்றாமல் போகிறது என்று புதிதாக வாங்குபவர்களில் பலருக்கு உண்மையில் பற்றாமல் போவது துவைத்த துணிதான். ஆனால் குறைந்த துணியையே மாற்றி மாற்றிப் போட்டால் அது சீக்கிரம் தேயும். அதனால் அந்த 4 நல்ல துணியாக இருக்கட்டும்.

பிறகு வீட்டில் இருப்பதை எல்லாம் கட்டிலில் கொட்டி, அளவு சரியாக இருப்பவை, சின்ன ரிப்பேர் வேண்டியவை, இனி ஆகாதவை என்று மூன்றாகப் பிரியுங்கள். தேவைப் பட்டியலிலிருந்து முதல் இரண்டு குவியலையும் கழித்தால் மிஞ்சுவதுதான் வாங்க வேண்டியது.

தொகை முழுவதையும் முதல் மாதமே செலவழிக்காதீர்கள். பாதிக்குச் சற்று மேல் இப்போது, கால் பங்கு ஆண்டின் நடுவில், மீதி தையல்கூலிக்கும் சோப்புக்கும். லேபுக்கு முழுக்கை வேண்டுமா, வகுப்பில் ஏசி குளிருமா என்பதெல்லாம் போன பிறகுதான் தெரியும். சாப்பாடு மாறுவதால் முதலாண்டில் பலருக்கு இடுப்பளவும் மாறிவிடுகிறது.

கேள்வி: விலை குறைந்த டீ-ஷர்ட் ஐந்து வாங்குவதா, விலை கூடியது இரண்டு வாங்குவதா?

விலையை, உடுத்தப் போகும் தடவையால் வகுத்துப் பாருங்கள். விலை 100, இருபது தடவையில் தொய்ந்துவிடும் என்றால் ஒரு தடவைக்கு 5 விழுகிறது. விலை 250, நூறு தடவை தாங்கும் என்றால் ஒரு தடவைக்கு 2.50 தான். ஆனால் விலை கூடியதெல்லாம் நூறு தடவை தாங்கிவிடாது. பெயருக்காகக் கூட்டிய விலையும் உண்டு. அதனால் துணியைக் கையால் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

டீ-ஷர்ட்டின் ஒரு அடுக்கை மட்டும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பின்னால் வைத்த விரல் தெளிவாகத் தெரிந்தால் அன்றாடத்துக்கு அது மெல்லியது. ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எழுதியிருந்தால் 160 முதல் 180 வரை நல்லது. 220-ஐத் தாண்டினால் காய நேரம் பிடிக்கும், விடுதிக்கு அது தொல்லை. கழுத்துப் பட்டியை இழுத்துவிடுங்கள், உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். பக்கத் தையலை இருபுறமும் மெதுவாக இழுத்தால் இடைவெளி விட்டு நூல் தெரியக் கூடாது. கடைசியாக, இரண்டு பக்கத் தையலையும் சேர்த்து நீளவாக்கில் மடித்துப் பாருங்கள். கீழ் ஓரம் பொருந்தாமல் கோணலாக நின்றால் இழை ஓடும் திசையைப் பார்க்காமல் துணியை வெட்டியிருக்கிறார்கள். நாலு தடவை துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடும், அதை எந்தத் தையல்காரராலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: ஜீன்ஸ் எல்லாம் தொடை உரசும் இடத்தில்தான் கிழிகிறது. ஆண்டுக்கு மூன்று போய்விடுகிறது.

நடக்கும்போது உரசி உரசி அங்கே இழை மெலிகிறது. ஓட்டை விழும் வரை காத்திருப்பதுதான் தவறு. மாதம் ஒருமுறை பேண்ட்டை உள்பக்கம் திருப்பி, அந்த இடத்தை விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஒளி ஊடுருவத் தொடங்கினால், பழைய ஜீன்ஸிலிருந்து உள்ளங்கை அளவு மெல்லிய துண்டை வெட்டி உள்ளே வைத்து நெருக்கமாகத் தைக்கச் சொல்லுங்கள். மெலிந்த பகுதியைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் நல்ல துணியில் தையல் விழ வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டின் விளிம்பிலேயே மறுபடி கிழியும்.

அடுத்து வாங்கும்போது ஸ்ட்ரெட்ச் குறைவாக, பருத்தி 98 விழுக்காடாவது உள்ளதைப் பாருங்கள். தொடையில் இறுக்கிப் பிடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளின் துணிகள் ஒரு செமஸ்டர் முடிவதற்குள் வெளுத்துப் பழசாகிவிடுகின்றன. துணிதான் மட்டமா?

துவைக்கும் முறையில்தான் பெரும்பாலும் கோளாறு. சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் அழுக்கு கூடுதலாகப் போய்விடாது. அலசலில் போகாத சோப்பு இழையில் தங்கி, துணி விறைத்து மங்கும். பாக்கெட்டில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். அடர்நிறங்களை உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். புதுத் துணியை முதல் இரண்டு, மூன்று தடவை தனியே துவைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பி இருக்க வேண்டாம், சரியாகப் பிடிக்காத சாயம் எதில் ஊறினாலும் போகும். இழுத்தால் நீளும் துணியில் ப்ளீச் படவே கூடாது, எலாஸ்டிக் இழை இற்றுப்போகும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினால் அளவு மாறி மாறி வருகிறது.

எம், எல் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டையை மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். விற்பவர் தரும் அளவுப் பட்டியலில் இருப்பது ஆடையின் அளவா, உடம்பின் அளவா என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: இறுதியாண்டு நேர்முகத் தேர்வுக்கு ஃபார்மல் எத்தனை செட் வேண்டும்?

ஒரே பேண்ட், இரண்டு சட்டை போதும். பேண்ட் கருநீலமோ அடர் சாம்பலோ, சட்டை ஒன்று வெள்ளை, ஒன்று வெளிர்நீலம். முதலிலேயே வாங்கி வைக்காமல் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வாங்குங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். இடுப்பும் நீளமும் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம், தோளை மாற்றக் கூலியும் அதிகம், சுத்தமாகவும் வராது. போட்டுப் பார்க்கும்போது நின்றபடி மட்டும் பார்க்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையை முன்னே நீட்டுங்கள். நெஞ்சுப் பட்டன்களுக்கு நடுவே சட்டை வாய் பிளந்தால் ஒரு அளவு பெரிதாக எடுத்துப் பக்கங்களைப் பிடித்துத் தையுங்கள். பேண்ட்டின் நீளத்தை, அன்று போடப் போகும் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் குறிக்க வேண்டும்.