சிவப்புத் தொப்பிக்காரர் – கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் சென்னை சென்ட்ரலில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். சீருடையில், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான் ஒரு பட்டாளத்துப் பையன். சிவப்புத் தொப்பியும் வெள்ளை பெல்ட்டும் போட்ட ஒருவர் அவனைத் தனியே கூப்பிட்டு லீவு சீட்டை வாங்கிப் பார்த்தார். கையில் கட்டியிருந்த பட்டையில் எம்.பி. என்று இருந்தது, மிலிட்டரி போலீஸாம். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருக்கிறார்கள். கேட்டால், “எம்.பி. என்றாலே வம்புதான்” என்று சிரிக்கிறார்கள். கட்டுப்பாட்டுக்கே பேர்போன ராணுவத்துக்குள் எதற்கு ஒரு போலீஸ்? தப்பு செய்தால் ஊர் போலீஸ் பிடிக்கட்டுமே. தங்கள் ஆட்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடா இது?

கே.எஸ்.
வேலூர்

அன்புள்ள கே.எஸ்.,

லீவு முடிந்து நாலு நாள் கழித்து வேலைக்குப் போனால் உங்களுக்கும் எனக்கும் சம்பளம் பிடிப்பார்கள். பட்டாளத்தில் அது 1950 ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு. ராணுவ நீதிமன்றம் மூன்று வருடம் வரை சிறை கொடுக்கலாம். இதில் ஊர் இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை? ராணுவத்துக்குள் மட்டுமே குற்றமாகிற விஷயங்கள் ஏராளம். அவற்றைக் கவனிக்க அங்கேயே ஆள் வேண்டியிருக்கிறது.

ஆனால் லீவில் போனவன் திரும்பவே இல்லையென்றால் கதை வேறு. படைப்பிரிவின் தலைவர் உள்ளூர் அதிகாரிகளுக்கு எழுத வேண்டும் என்கிறது அதே சட்டம். உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள். அப்படி யாரையாவது தேடி வந்திருந்தால், கதவைத் தட்டியது பெரும்பாலும் நம்முடைய காக்கிச் சட்டையாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் வம்பு அந்தப் படையின் வேலையில் ஒரு சின்னப் பகுதி. அதன் உடம்பு வலிக்கும் வேலை போக்குவரத்து. சிரிக்காதீர்கள். போர்முனையில் ஆற்றின் மேல் அவசரமாக ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள், ஒரு வண்டிதான் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் டாங்கி, பீரங்கி, வெடிமருந்து லாரி. அந்தப் பக்கத்திலிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிய ஆம்புலன்ஸ். இருட்டு, விளக்குப் போடக் கூடாது. எது முதலில் போவது என்று அந்த இடத்தில் கை காட்டுபவர், சாதாரண சிப்பாய்க்குக் கொஞ்சம் மேலே உள்ள ஒரு நாயக்காக இருக்கலாம். ஜீப்பில் இருப்பவர் கர்னலாகவே இருந்தாலும் அந்தக் கைக்கு நிற்க வேண்டும், ஏனென்றால் அது மேலே உள்ள தளபதியின் உத்தரவுக்காக நீட்டப்பட்ட கை. அந்தச் சிவப்புத் தொப்பியும் வெள்ளை பெல்ட்டும் இந்த வேலைக்கும் சேர்த்துத்தான்: நூறு சீருடைகளுக்கு நடுவே இவரை உடனே அடையாளம் தெரிய வேண்டும்.

போர்க்கைதிகளும் இவர்கள் பொறுப்பில் வருவார்கள். முன்வரிசையில் சண்டை போட்டவன், சற்றுமுன் தன் நண்பனைச் சுட்டவனைக் கைதியாகப் பிடித்திருப்பான். அவனிடமே அந்தக் கைதியை ரொம்ப நேரம் விட்டுவைப்பது நல்லதில்லை. வாங்கிப் பின்னால் கொண்டுபோகத் தனி ஆட்கள் வேண்டும். 1971 டிசம்பரில் கிழக்கு வங்கத்தில் சரணடைந்தவர்கள் சுமார் 93,000 பேர் என்பதை நினைத்தால், எவ்வளவு பெரிய வேலை என்பது புரியும்.

பெண்கள் ராணுவத்தில் அதிகாரிகளாக ஏற்கெனவே இருந்தார்கள். சிப்பாய்களாக முதலில் சேர்ந்தது இந்தப் படையில்தான். பெங்களூரில் உள்ள பயிற்சி மையத்தில் 61 வாரம் பயிற்சி முடித்து, 2021 மே மாதம் 83 பேர் வெளியே வந்தார்கள். பெண்களைச் சோதனையிடவும் விசாரிக்கவும் ஆண் சிப்பாய்களை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்திருக்கிறது.

சரி, காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடா என்கிற உங்கள் கடைசிக் கேள்வி. அதே ராணுவச் சட்டத்தின் 107 ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். இவர்களின் அதிகாரி புரொவோஸ்ட் மார்ஷல். அவர் கைது செய்யலாம், காவலில் வைக்கலாம், ராணுவ நீதிமன்றம் கொடுத்த தண்டனையை நிறைவேற்றலாம். தன் அதிகாரத்தில் எந்தத் தண்டனையும் தரக் கூடாது. பிடிக்கிற கையும் அடிக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நம் காவல் நிலையங்களின் கதைகளைக் கேட்டவனுக்கு இந்த ஒரு வரி பிடித்துத்தான் போகும்.

கொஞ்சம் கீழே ஒரு நிபந்தனை வருகிறது. சிப்பாயை எம்.பி. நேராகப் பிடிக்கலாம். அதிகாரியைப் பிடிக்க இன்னோர் அதிகாரியின் உத்தரவு வேண்டும். எனக்கு உறுத்துவது இதுதான். விசாரித்து எழுதிய அறிக்கை போய்ச் சேருவதும் தளபதியின் மேஜைக்குத்தான். வழக்கு நடத்துவதா என்று அவர்தான் முடிவு செய்வார். பொதுமக்களில் ஒருவரைக் கொன்றாலோ பாலியல் வன்புணர்வு செய்தாலோ வழக்கு நம் சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறது 70 ஆம் பிரிவு. ராணுவ நடவடிக்கைப் பணி, வெளிநாடு, எல்லைக் காவல்நிலை ஆகிய மூன்றுக்கும் அதில் விலக்கு உண்டு. நீங்கள் சந்தேகப்படுகிற மாதிரி நடக்க வாய்ப்பு அதிகம் உள்ள இடங்களும் அவைதான். அங்கே சிவப்புத் தொப்பிக்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருக்கு மேலே உள்ளவர் நேர்மையாக இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே உங்கள் சந்தேகத்தைத் தள்ளிவிட மாட்டேன். ஸ்டேஷனில் லீவு சீட்டு கேட்டவர் மேல் மட்டும் அதை ஏற்றாதீர்கள்.

அந்தப் பையன் கடைசியில் ரயில் ஏறினானா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.