45 நிமிடம் என்று போட்டிருந்ததே?

கேள்வி: மதுரை - கோவை விமான தூரம் 175 கி.மீ., பயண நேரம் 45 நிமிடம் என்று ஒரு இணையதளத்தில் பார்த்தேன். டிக்கெட் தேடினால் ஆறு மணி நேரம் காட்டுகிறது. எது சரி? (திருமங்கலம் வாசகர்)

பதில்: ஆறு மணி நேரம்தான். அந்த 175 கி.மீ., வரைபடத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே கோடு போட்டு அளந்த நேர்தூரம். அதை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்கக் கொஞ்சம் கூட்டி, நேரம் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தடத்தில் நேரடி விமானம் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. இல்லை என்பதுதான் உண்மை. சென்னை வழியாகப் போனால் வடகிழக்கே 400 கி.மீ.க்கு மேல் பறந்து, அங்கே காத்துக் கிடந்து, மறுபடி மேற்கே இன்னொரு 400 கி.மீ. வர வேண்டும். இல்லாத விமானத்துக்கு நேரம் போடுவதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரி அவசரத்தில் இருப்பவர் அதை நம்பி பஸ்ஸை விட்டுவிட்டால் யார் பொறுப்பு? பக்கத்திலேயே 'நேரடிச் சேவை இல்லை' என்று ஒரு வரி போடலாமே. சாலை வழி 215 கி.மீ. போலத்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் சுமார் ஐந்து மணி நேரத்தில் சிங்காநல்லூரில் இறங்கலாம். விமானம் வேண்டாம்.

கேள்வி: சென்னை - மதுரைக்கு ஒரு விமானம் 1 மணி 10 நிமிடம், இன்னொன்று 1 மணி 25 நிமிடம். கட்டணம் ஒன்றுதான். ஏன்?

பதில்: இரண்டாவது ஏடிஆர் ரக விமானம், சுழலி (புரொப்பெல்லர்) வைத்தது. ஜெட்டை விட வேகம் குறைவு. டிக்கெட்டில் விமான வகை போட்டிருக்கும், பாருங்கள்.

கேள்வி: 'கனெக்டிங்' என்று சொல்லித் தூத்துக்குடி - சென்னை - டெல்லி டிக்கெட்டை ஏஜென்ட் விற்றார். முதல் விமானம் தாமதம், அடுத்தது போய்விட்டது. பி.என்.ஆர். இரண்டும் வேறாம். பணம் வருமா?

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. ஒரே பி.என்.ஆர். என்றால் விமான நிறுவனத்தைக் கேட்கலாம். தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனம் 'பயணி வரவில்லை' என்று எழுதிவிடும். அதை மறைத்து விற்ற ஏஜென்ட்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு ஏஜென்சி இப்படித்தான் விற்றது. பணம் திரும்பவே இல்லை. ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இரண்டையும் அழிக்காமல் வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; ஏஜென்ட் எந்த ஊராக இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: பறக்கும் நேரம் ஒரு மணிதானே என்று 40 நிமிடம் முன்னால் போனேன். கவுண்டர் மூடிவிட்டார்கள். முழுப் பணமும் கேட்கலாமா?

பதில்: முடியாது. பறக்கும் நேரத்துக்கும் கவுண்டர் மூடும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மணி நேரம் முன்பே மூடுவார்கள், டிக்கெட்டிலேயே இருக்கிறது. படிக்காமல் போய்விட்டு என்னிடம் கேட்டால் என்ன செய்வது? வரியும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் திரும்ப வரும். அதை மட்டும் எழுதிக் கேளுங்கள்.