யார் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள்?

கேள்வி: "திட்டம் ஒன்று 'பரிசீலனையில் இருக்கிறது' என்று முதலில் செய்தியைக் கசியவிடுகிறார்கள். எதிர்ப்பு வந்தால் 'அப்படி எதுவும் இல்லை' என்கிறார்கள். மக்களின் நாடி பிடித்துப் பார்ப்பதில் என்ன தப்பு?"
– வாசகர், தக்கலை

பதில்: நாடி பிடிப்பதைப் பற்றி வைத்திய ஆசான்மார் நிறைந்த நம் குமரி மாவட்டத்திலிருந்தா கேட்கிறீர்கள்? ஆட்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். இம்மூன்றும் முறையே ஒன்று, அரை, கால் மாத்திரை அளவில் துடிப்பதுதான் சீரான நடை. சாப்பிட்ட உடனேயும், எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடும், ஓடிவந்து மூச்சிரைக்கும்போதும் பார்க்க மாட்டார்கள். துடிப்பு மாறிக் காட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நோயாளி எதிரே இருக்க வேண்டும்.

கசியவிட்ட செய்தி யார் கையைப் பிடித்தது? முதலில் சத்தம் போடுகிறவர்கள் கட்சிக்காரர்களும் கைபேசியும் கையுமாக இருப்பவர்களும்தான். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர் வாரக்கணக்கில் கடலில் கிடப்பார். விடியுமுன் ரப்பர் வெட்டப் போனவருக்குப் பாலெடுத்து ஷீட் அடித்து முடிக்கவே மதியமாகிவிடும். பத்து மணிக்கு வைக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அவர் எப்படி வருவார்? மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடற்கரைத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்பதென்றால் அப்போது கேட்கட்டும்.

கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. பரப்பளவும் கிராமமும் தேதியும் எழுத்தில் இருந்ததால் எதை எதிர்க்கிறோம் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. 'பரிசீலனையில்' என்ற ஒற்றை வார்த்தைக்கு எதிராக யார் மனு எழுதுவது?

கருத்துக்கேட்பை எப்படி நடத்துவது என்பதற்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வழி காட்டுகிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், கூட்டம் முழுவதும் வீடியோ. முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் விளக்கி, அன்றைக்கே கையெழுத்திட வேண்டும்.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஆவேசமாகப் பேசிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பினால், மேலே போவது மிச்சமிருந்தவர்கள் ஒப்புக்கொண்ட குறிப்புதான். வாசித்து முடிக்கும்வரை உட்காருங்கள். நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்து மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.