பெயர் இருந்த வீரர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் வாஷிங்டன் அருகிலுள்ள ஆர்லிங்டன் தேசிய இராணுவக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். உடன் வந்த வழிகாட்டி கென்னடியின் அணையா விளக்கையும், பெயர் அறியப்படாத வீரர்களின் கல்லறையில் காவல் மாறுவதையும் காட்டினார். அங்கே காவல் நிற்பவர்கள் ஆயுள் முழுவதும் மதுவைத் தொடமாட்டார்களாம். வியட்நாம் போருக்கான கல்லறை காலியாக இருக்கிறது என்றதும் நகர்ந்துவிட்டோம். பத்து வயது மகளுக்கு இவற்றையெல்லாம் காட்டுவது, போரை வழிபடக் கற்றுக்கொடுப்பது ஆகாதா?

ர., நியூ ஜெர்சி

அன்புள்ள ர.,

மகளை அழைத்துச் சென்றது நல்ல காரியம். வரிசை வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்களைப் பார்க்கும் குழந்தை போரின் மீது ஆசை கொள்ளும் என்று நான் நம்பவில்லை. மதுவைப் பற்றிய செய்தி பல ஆண்டுகளாக மின்னஞ்சலில் சுற்றிவரும் கட்டுக்கதை. காவலர் 21 காலடி எடுத்து வைத்து நடந்து 21 விநாடி நிற்பதும், 1937 முதல் இரவும் பகலும் அங்கே காவல் தொடர்வதும் உண்மை. இவை போகட்டும்.

காலியாக இருக்கிறது என்றதும் நகர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைக் கோபப்படுத்தியது. நான்கு லட்சம் பேருக்கு மேல் உறங்கும் அந்தத் தோட்டத்தில், எவரும் இல்லாத அந்த இடத்தில்தான் நீங்கள் அதிக நேரம் நின்றிருக்க வேண்டும். ஒரு கல்லறை ஏன் காலியானது என்று கேட்கக்கூடத் தோன்றாமல், காவலரின் நடையை மட்டும் படம்பிடித்துத் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

1972 மே 11 அன்று, தென் வியட்நாமின் ஆன் லாக் அருகே மைக்கேல் பிளாஸி என்னும் 24 வயது விமானப்படை அதிகாரியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சில மாதங்கள் கழித்து அங்கே சில எலும்புகளும் அவருடைய அடையாள அட்டையும் கிடைத்தன. அட்டை பிறகு தொலைந்துபோனது. பிளாஸியினுடையவையாக இருக்கலாம் என்ற குறிப்புடன் ஆய்வகத்தில் கிடந்த அந்த எலும்புகள், உயரமும் வயதும் பொருந்தவில்லை என்று கூறப்பட்டு, 1980இல் பெயர் அறியப்படாதவை ஆக்கப்பட்டன. அப்போது ஆர்லிங்டனில் முதல் உலகப் போருக்கும், இரண்டாம் உலகப் போருக்கும், கொரியப் போருக்கும் ஒவ்வொருவர் இருந்தார்கள். வியட்நாமுக்கு மட்டும் ஆள் இல்லை. 1984 மே 28 அன்று, அதிபர் ரீகன் முன்னிலையில், நாடே பார்க்க, அந்த எலும்புகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டன. தம் பிள்ளையாக இருக்கக்கூடும் என்ற செய்தியை எவரும் அந்தப் பெற்றோரிடம் சொல்லவில்லை.

நான் அங்கே சென்றபோது எங்கள் வழிகாட்டி இதை அறிவியலின் வெற்றியாகச் சொல்லி முடித்தார். குடும்பத்தினர் போராடியதால் 1998 மே மாதம் கல்லறை திறக்கப்பட்டதும், தாய்வழி மரபணுச் சோதனை அவர் பிளாஸிதான் என்று காட்டியதும், அந்த ஜூலையில் அவர் தம் ஊரான செயின்ட் லூயிஸின் ஜெஃபர்சன் பாரக்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டதும் உண்மைதான். ஆனால் எனக்கு இதில் வெற்றி எதுவும் தெரியவில்லை. எவ்வளவு தேடியும் பெயர் கிடைக்காதவருக்கு நாடு செய்யும் மரியாதைக்காகவே அந்த மேடை எழுப்பப்பட்டது. இங்கே பெயர் இருந்தது, அட்டை கிடைத்த செய்தி இருந்தது, கேட்டால் பதில் சொல்ல ஒரு தாய் இருந்தாள். இருந்தும் மேடைக்கு ஆள் வேண்டும் என்ற அவசரம் ஒரு குடும்பத்தின் உரிமையை மிதித்துவிட்டது. மகன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் ஒரு தாய் 26 ஆண்டுகளைக் கழித்திருக்கிறாள். அவற்றில் கடைசி 14 ஆண்டுகள், தலைவர்கள் மலர்வளையம் வைத்து வணங்கிய இடத்திலேயே அவன் இருந்தான். அறியப்படாத வீரருக்கு என்று அளிக்கப்பட்ட மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைக் குடும்பத்தினர் கேட்டபோது, அது பிளாஸிக்கு உரியதல்ல என்று மறுத்தும்விட்டார்கள். இந்த மறுப்பை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

1999இல் அந்தக் கல்லில், 1958 முதல் 1975 வரை காணாமற்போன வீரர்களுக்கு நாடு காட்டும் மரியாதையையும் நம்பிக்கையையும் பற்றிய வாசகத்தைப் பொறித்தார்கள். அங்கே வேறு எவரையும் அடக்கம் செய்வதில்லை என்றும் முடிவாயிற்று. அந்த முடிவு சரியானது.

மகளிடம் இதைச் சொல்லுங்கள், ர. பத்து வயதுப் பிள்ளை, "அவருடைய அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கட்டாயம் கேட்பாள். அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லிவிடாமல், நடந்ததை நடந்தபடியே அவளுக்குச் சொல்லுங்கள்.