கார் சார்ஜும் இபி பில்லும்: சென்னைவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

வீட்டு வயரிங், லோடு மாற்றம், சோலார் இணைப்பு என்று சென்னையில் வேலை எடுத்துச் செய்யும் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் நான். எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில். நான் சொல்லும் விலைகள் 2024 ஜூலையில் வீடுகளுக்கு வந்த விகிதம். 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது.

பெரம்பூரிலிருந்து: சார், வீட்டில் சார்ஜ் போட்டால் கார் யூனிட்டுக்கு என்ன விலை விழும்? ஷோரூமில் நாலு ரூபாய் எழுபது காசு என்றார்கள்.

எரிக்கும் யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும், ஒவ்வொரு படியும் ஒரு ஸ்லாப். ஷோரூமில் சொன்னது அதில் ஒன்றின் விலை. உங்கள் வீடு எந்த ஸ்லாபில் நிற்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அடுத்து 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அப்புறம் 11.55.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட். இந்த 300 மூன்று வீடுகளில் என்ன ஆகிறது பாருங்கள். ஏசி இல்லாமல் 200 யூனிட் எரியும் வீட்டில் பில் 235-லிருந்து 1,805 ஆகும், அதாவது கார் யூனிட் 5.23. 350 யூனிட் வீட்டில் 940-லிருந்து ஏறத்தாழ 3,350-க்குப் போகும். யூனிட் எட்டு ரூபாய். இரண்டு மூன்று ஏசி ஓடி ஏற்கெனவே 900 எரிகிற வீட்டில் 5,820 என்பது 9,180 ஆகும், யூனிட் 11.20. கார் ஒன்றுதான், ஓட்டிய தூரமும் ஒன்றுதான். கார் யூனிட் எப்போதும் பில்லின் உச்சியில்தான் போய் உட்காரும், அதனால் மொத்த பில்லை யூனிட்டால் வகுத்துச் சராசரி பார்க்காதீர்கள்.

அந்த மூன்றாவது வீட்டிலும் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்குள்தான் வரும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ் என்று வைத்தால் ஏறக்குறைய ஆறே முக்கால். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கணக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

அண்ணா நகரிலிருந்து: லண்டனில் இருக்கும் என் தம்பி நள்ளிரவு பன்னிரண்டரை முதல் ஐந்தரை வரை மலிவு விலையில் சார்ஜ் போடுகிறான். இங்கேயும் ராத்திரி போட்டால் குறையுமா?

குறையாது. இங்கே வீட்டு இணைப்புக்கு நேரம் பார்த்துக் காசு வாங்கும் முறை இல்லை. காலை பத்து மணிக்குப் போட்டாலும் ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டாலும் ஒரே விலை.

2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதித்திருத்தம் ஸ்மார்ட் மீட்டர் வந்தபிறகு நேரவாரி விலை வேண்டும் என்கிறது. அதன்படி வெயில் நேரத்து விலைதான் குறைவாக இருக்க வேண்டும், சூரிய மின்சாரம் பகலில் குவிவதால். எனவே அது வீடுகளுக்கு வந்தாலும் தம்பி ஊர்க் கணக்கு இங்கே தலைகீழாகத்தான் இருக்கும். பகலில் கார் ஆபீஸில் நிற்கிறவர்களுக்கு அதனால் பெரிய லாபமில்லை.

ஆனாலும் ராத்திரிதான் போடச் சொல்வேன், விலைக்காக அல்ல. மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும், வோல்டேஜ் இறங்கும். பல கார்களிலேயே டைமர் இருக்கிறது, ஒரு மணிக்கு மேல் தொடங்கும்படி வைத்துவிடுங்கள்.

மேடவாக்கத்திலிருந்து: காருக்கென்று தனியாக ஒரு மீட்டர் வாங்கினால் அதிலும் 100 யூனிட் இலவசம் கிடைக்குமே, அண்ணா?

இந்த யோசனை எல்லோருக்கும் வருகிறது. ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் வைத்துச் சலுகையை இரண்டு முறை வாங்குவதை வாரியம் ஏற்பதில்லை. கண்டுபிடித்தால் இணைப்பைச் சேர்த்துவிடுவார்கள். மாடியில் தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனம் இருந்தால் அது வேறு கதை. கார் ஒரு குடித்தனம் ஆகாது.

போரூரிலிருந்து: வீட்டில் கார் சார்ஜ் போட்டால் கமர்ஷியல் கட்டணம் போட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். உங்கள் காரை உங்கள் வீட்டு இணைப்பிலேயே வீட்டுக் கட்டணத்தில் சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது. அக்கம்பக்கத்து வண்டிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தால்தான் வம்பு.

தாம்பரத்திலிருந்து: 7.2 கிலோவாட் சார்ஜர் காரோடு இலவசமாக வருகிறது. மாட்டிவிடலாமா?

முதலில் உங்கள் சாங்ஷன் லோடு, அதாவது வாரியம் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த அளவு, எவ்வளவு என்று பாருங்கள். சிங்கிள் ஃபேஸ் 4 கிலோவாட் வரைதான். 7.2 சார்ஜர் தனியாகவே 32 ஆம்பியர் இழுக்கும், கூடவே ஏசியும் கீசரும் ஓடினால் தாங்காது. த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பித்து, மெயினிலிருந்து 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர் தனியாக இழுத்து, லோடு மிஞ்சினால் தானே அணையும் தனி எம்சிபி ஸ்விட்ச், கசிவு மின்சாரத்துக்கான ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் எல்லாம் போட வேண்டும்.

இவ்வளவும் தேவையா என்றால், பலருக்குத் தேவையில்லை. 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் 150 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து பாரிமுனை போய்த் திரும்பினாலும் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் அந்தப் பிளக் புதிதாக, காருக்கென்றே இழுத்த வயரில் இருக்கட்டும். மோட்டாருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போட்ட பழைய சாக்கெட்டில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, பிளக் முள் கறுத்து, சாக்கெட் முகம் பழுப்பாக உருகிப்போனதைப் பல வீடுகளில் கழற்றியிருக்கிறேன். சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அன்றே மாற்றுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: ஸ்டில்ட் பார்க்கிங்கில் சாக்கெட் எந்த உயரத்தில்?

தோள் உயரத்துக்கு மேல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் உங்கள் பக்கம் என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எம்சிபியை முதல் மாடியில் வைத்தால் தண்ணீர் ஏறுமுன் மேலிருந்தே அணைக்கலாம்.

அடையாறிலிருந்து: பெங்களூரில் யூனிட் 5.80-தான் என்கிறார் என் மைத்துனர். நாம் ஏமாளிகளா?

2025 ஏப்ரல் விகிதப்படி அங்கே எத்தனை யூனிட் எரித்தாலும் 5.80 என்பது உண்மை. ஆனால் அதே விகிதத்தில் ஒரு கிலோவாட் லோடுக்கு மாதம் 145 ரூபாய் நிலைக்கட்டணமும் உண்டு, வரி வேறு. 5 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,450, விளக்கே போடாவிட்டாலும். அங்குள்ள இலவசத் திட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 650 யூனிட் வரும் வீட்டுக்குச் சென்னைதான் மலிவு. 1,200 எரிக்கிறவர்களுக்கு இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்று. மைத்துனர் வீட்டில் எத்தனை ஏசி என்று கேளுங்கள்.

முகப்பேரிலிருந்து: எங்கள் பில் எப்போதும் 480 யூனிட், 520 யூனிட் என்று அல்லாடுகிறது. ஏதாவது வழி?

கணக்கெடுக்க வரும் தேதியைக் காலண்டரில் குறித்து, பத்து நாள் முன்னால் மீட்டரைப் பாருங்கள். 500-ஐத் தொடும்போல் இருந்தால் அந்த வாரம் ஆபீஸில் சார்ஜ் போடுங்கள். கோடு தாண்டினாலே 235 ரூபாய் கூடுதல், அதற்குமேல் ஒவ்வொரு யூனிட்டும் 8.40. காசு கட்டி வெளியில் போட வேண்டுமென்றால் தாண்டுவது எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வெளியில் ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் விலை வீட்டின் உச்ச ஸ்லாபையும் மிஞ்சும்.

கே.கே. நகரிலிருந்து: வாடகை வீடு. ஓனர் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்.

அப்படியென்றால் மேலே போட்ட ஸ்லாப் கணக்கு எதுவும் உங்களுக்கு இல்லை, மேடம். முதல் யூனிட்டிலிருந்தே பத்து. கார் வாங்குமுன் ஓனரிடம் பேசி உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கித் தரச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் மாதம் 1,500 ரூபாய் சார்ஜுக்கு என்று எழுதிவைத்துக்கொண்டு வாங்குங்கள்.