அக்டோபர் முதல் புதன்: ஒரு மாற்றுப் பள்ளியின் தலைக்கணக்கு

கலிஃபோர்னியாவில் நகர் நடுவே உள்ள சிறிய மாற்று உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகச் சேர்க்கைப் பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. கன்டினியூவேஷன் பள்ளி என்று அழைக்கப்படும் இவ்வகைப் பள்ளிகளில் யார் சேர்கிறார்கள், அவர்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்): மாற்றுப் பள்ளி என்றால் தப்புச் செய்த பிள்ளைகளை அடைத்துவைக்கும் இடம் என்கிறார்களே, உண்மையா அம்மா?

பதில்: இந்தப் பேச்சுதான் எங்கள் பிள்ளைகளை வாசலிலேயே கூனிக் குறுக வைக்கிறது. இல்லை ஐயா. சிறார் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கவுன்டி என்ற வட்டார நிர்வாகம் நடத்தும் பள்ளிகள் தனியே உண்டு. எங்கள் வகைப் பள்ளியின் வேர் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. வேலைக்குப் போய்விட்ட சிறுவர் சிறுமியர் வாரத்தில் சில மணி நேரமாவது படிக்கட்டும் என்று வந்த சட்டம் அது.

இன்று 16 வயது நிறைந்து, கிரெடிட் குறைந்து நிற்பவர்களே பெரும்பாலும் வருகிறார்கள். ஒரு பாடத்தில் ஓர் அரையாண்டு தேறினால் 5 கிரெடிட். டிப்ளமா என்ற உயர்நிலைப் பள்ளி நிறைவுச் சான்றிதழுக்கு 220 கேட்கும் பள்ளி மாவட்டத்தில், பத்தாம் வகுப்பு முடியும்போது 110 கையில் இருக்க வேண்டும். 45 கிரெடிட்டோடு வரும் ஒரு பையனின் கோப்பைத் திறந்தால் நான்கு பள்ளிகளின் மதிப்பெண் பட்டியல்கள் இருக்கும். நடுவில் எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லாத மூன்று மாதங்கள் இருக்கும். அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களாக இருக்கலாம், வாடகை கட்ட முடியாமல் வீடு மாறிய மாதங்களாக இருக்கலாம். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்பதே எங்கள் பள்ளிக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு. வேலையோ கைக்குழந்தையோ உள்ள பிள்ளைக்கு அது ஒத்துவருகிறது.

கேள்வி (சென்னையில் கல்வித் துறையில் ஆய்வு செய்யும் மாணவி): ஒரே பள்ளிக்கு ஒரு பட்டியலில் 90 மாணவர்கள், இன்னொன்றில் 160 என்று பார்த்தேன். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். அக்டோபர் மாத முதல் புதன்கிழமை மாநிலம் முழுவதும் கணக்கெடுப்பு நாள். அன்று பதிவேட்டில் இருக்கும் பெயர்களே அந்த ஆண்டின் சேர்க்கை எண்ணாக அச்சாகும். ஆண்டு முழுவதும் ஒரு நாளாவது சேர்ந்திருந்தவர்களை எல்லாம் கூட்டினால் வருவது இன்னோர் எண். பெரிய உயர்நிலைப் பள்ளியில் இவ்விரண்டுக்கும் இடைவெளி சிறியது. எங்களிடம் மிகப் பெரியது. முதல் அரையாண்டில் தோற்றவர்கள் ஜனவரியில் வருகிறார்கள், கிரெடிட்டை முடித்தவர்கள் டிசம்பரிலேயே டிப்ளமாவோடு போய்விடுகிறார்கள்.

ஓர் ஆண்டு அந்தப் புதனுக்கு மறுநாள் காலை ஒரு பெண் தன் பாட்டியோடு வந்தாள். பாட்டியின் கைப்பையில் தடுப்பூசி அட்டை நான்காக மடித்து வைத்திருந்தது. படிவம் நிரப்பி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் எங்களிடம் ஒன்பது மாதம் படித்துத் தேறினாள். அந்த ஆண்டின் சேர்க்கை எண்ணில் அவள் இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: சராசரி தினசரி வருகை. பிள்ளைகள் வந்த நாட்களின் கூட்டுத்தொகையைப் பள்ளி நடந்த நாட்களால் வகுப்பார்கள். கலிஃபோர்னியாவில் மாநிலப் பணம் அதை வைத்தே வருகிறது. வருகை தடுமாறும் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் பள்ளிக்கு வருகையை அளந்து பணம் தருவது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். ஆய்வில் எந்த எண்ணைப் போட்டாலும், எந்த நாளின் எண் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கேள்வி (ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு தாய்): அக்கா, என் மகனுக்கு 16 வயது. கிரெடிட் போதவில்லை, கன்டினியூவேஷன் பள்ளிக்கு மாற்றப்போகிறோம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். நான் மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம். கிரெடிட் குறைவு என்ற ஒன்றை மட்டும் காட்டிக் கட்டாயமாக மாற்றச் சட்டம் இடம் தரவில்லை. இடைநீக்கத்துக்குரிய செயல் செய்திருக்க வேண்டும், அல்லது தொடர்ந்து பள்ளிக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும். அப்போதும் உங்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்பு வர வேண்டும், கூட்டம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இறுதி முடிவு எடுப்பவர்களில் உங்கள் மகனின் இப்போதைய பள்ளியைச் சேர்ந்த எவரும் இருக்கக் கூடாது.

நீங்களே விரும்பி மாற்றினால், அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் பழைய பள்ளிக்குத் திரும்பும் உரிமை அவனுக்கு இருக்கிறது. மேசையில் நீட்டப்படும் தாளில் ‘விருப்ப மாற்றம்’ என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கட்டாயத்தில் வந்த எத்தனையோ பிள்ளைகளின் கோப்பில் விருப்பம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஆனால் ஒருமுறை மகனோடு இங்கே வந்து வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், அக்கறையோடு சொல்கிறேன். பதினைந்து பேர் இருக்கும் அறையில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சில பிள்ளைகளை மீட்டிருக்கிறது.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து சாக்ரமென்டோவுக்கு வந்த தந்தை): படிவத்தில் இனம் என்று கேட்கிறார்கள், எதைக் குறிப்பது? வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் தெரியாதவன் ஆக்கிவிடுவார்களாமே?

பதில்: முதலில் லத்தீனோவா, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவரா, என்று ஒரு கேள்வி இருக்கும், பிறகு இனம். ஆசியர் என்பதன் கீழே இந்தியர், சீனர், வியட்நாமியர், தென்கிழக்கு ஆசிய மலைவாழ் மக்களான மாங் என்று தனித்தனியே கேட்கும் மாநிலம் இது. இலங்கைக்குத் தனிக் கட்டம் இல்லாததால் ‘பிற ஆசியர்’ பொருந்தும். காலியாக விட்டால், பள்ளி ஊழியரே பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் விதி. நான் செய்யும் வேலைகளில் எனக்குக் கூசுவது அது ஒன்றுதான். தயவுசெய்து நீங்களே நிரப்புங்கள்.

வீட்டு மொழியை மறைக்காதீர்கள். தமிழ் என்று எழுதினால் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். நன்றாக எழுதினால் தொடக்கத்திலேயே ஆங்கிலத் தேர்ச்சி உள்ளவன் என்று பதிந்துவிடுவார்கள். தேறாவிட்டால் மொழி உதவி கிடைக்கும், பள்ளிக்கும் கூடுதல் நிதி வரும். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போவதுதான் பெரிய நட்டம்.

கேள்வி (அதே ஆய்வு மாணவி): சேர்க்கைப் பட்டியலின் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கிறதே?

பதில்: 10 பேர் அல்லது அதற்கும் குறைவு என்று பொருள். எண்ணைப் போட்டால் எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். விழுக்காட்டைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். 40 பேர் உள்ள பன்னிரண்டாம் வகுப்பில் ஒருவர் படிப்பை நிறுத்திவிட்டால் டிப்ளமா பெறுவோர் பங்கு 2.5 விழுக்காடு சரியும்.

கேள்வி (ஓக்லண்டிலிருந்து ஒரு சமூகப் பணியாளர்): லத்தீனோ, கறுப்பினப் பிள்ளைகளே இங்கு அதிகம். இது ஒதுக்குதல் ஆகாதா?

பதில்: மாநிலத்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் லத்தீனோ. கன்டினியூவேஷன் பள்ளிகளில் அவர்கள் பங்கு அதைவிடவும் கூடுதல். பெண்களைவிட ஆண்கள் அதிகம். ஆனால் எங்கள் பட்டியலை மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். பிள்ளைகளை எங்களுக்கு அனுப்பும் உயர்நிலைப் பள்ளிகளின் பட்டியலை அருகே வையுங்கள். அங்கே பத்தில் ஒருவராக இருக்கும் இனம் எங்களிடம் நான்கில் ஒருவராக இருந்தால், கேள்வியை அந்தப் பள்ளியிடம்தான் கேட்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவில் விழுந்தவுடன் கைகொடுக்கப்பட்டவர் யார், கைவிடப்பட்டவர் யார்? எங்கள் பதிவேடு அங்கே நடந்ததன் விளைவு. ஒதுக்குதலா என்றால், பல இடங்களில் ஆம் என்றே சொல்வேன்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): குடியேற்றப் பத்திரங்கள் இல்லாத பிள்ளையைச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். டெக்சாஸிலிருந்து வந்த வழக்கில் அப்படிப்பட்ட பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 1982ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நான் விசாவைக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. நிலையான வீடில்லாமல் உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்துறங்கும் பிள்ளையாக இருந்தால், முகவரிச் சான்றோ பழைய மதிப்பெண் பட்டியலோ இல்லாமலேயே அன்றே சேர்க்க வேண்டும். அதற்குக் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது.

கேள்வி (ஃப்ரீமான்ட் தாய், மறுபடியும்): இங்கே படித்தால் பல்கலைக்கழகம் கிடைக்குமா அக்கா?

பதில்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நேரடியாகச் சேரக் கேட்கும் ஓராண்டுப் பாடங்கள் பதினைந்தும் சிறிய பள்ளிகள் பலவற்றில் இருப்பதில்லை, முக்கியமாக ஆய்வக அறிவியல். ஆனால் டிப்ளமா பெற்ற எவரையும் சமுதாயக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும். மாநிலத்தில் 116 உள்ளன, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். டிப்ளமா கைக்கு வந்ததும் மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் இரண்டு மூன்று பிரதிகளாக வாங்கிக்கொள்ளுங்கள். உறையை மட்டும் பிரித்துவிடாதீர்கள், பிரித்ததைக் கல்லூரியில் வாங்க மாட்டார்கள்.