பனிப்பாறையை இழுத்துவந்தால் புயல் தணியுமா?

கேள்வி: சூறாவளிப் பருவம் தொடங்குமுன் வடதுருவப் பக்கத்துக் கடலின் பனிப்பாறைகளைக் கப்பல்களால் இழுத்துவந்து அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதியில் நிறுத்திவைத்தால், கடல் குளிர்ந்து சூறாவளி வலுவிழக்கும் என்றும், வறண்ட நாடுகளுக்குக் குடிநீரும் கிடைக்கும் என்றும் என் தோழி உறுதியாகச் சொல்கிறாள். இது நடக்கக்கூடியதா?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: தங்கள் தோழி தொடங்கும் இடம் சரியானதே. கடலின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை நீர் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால்தான் சூறாவளி பொதுவாக உருவாகி வலுப்பெறும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி, அந்த நீர் கடலின் வெப்பநிலையை எட்டுவதற்குள், சுற்றியுள்ள நூறு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீரை ஒரு டிகிரி குளிர்விக்கும். அளவைக் கணக்கிடும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

நீளமும் அகலமும் 100 கிலோமீட்டர், ஆழம் 50 மீட்டர் என்று ஒரு கடற்பரப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 50,000 கோடி டன் நீர் இருக்கும். அதை ஒரே ஒரு டிகிரி குளிர்விக்கவே 500 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவான பனி வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் மூஜேன் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலிலிருந்து ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையருகேயுள்ள கேனரி தீவுகளுக்கு ஒரு பனிப்பாறையை இழுத்துச் செல்வதாகக் கணினியில் ஒத்திகை பார்த்தபோது, அவர் எடுத்துக்கொண்ட பாறையின் எடை 70 லட்சம் டன்; பயணம் 141 நாள்; வழியில் உருகியது 38 விழுக்காடு. அத்தகைய பாறைகள் 600-க்கும் மேல், வழியில் சிறிதும் உருகாமல் வந்து சேர்ந்தால்தான் நம் சிறு பரப்பு ஒரு டிகிரி குளிரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் சூறாவளியோ அதை ஐந்தே மணி நேரத்தில் கடந்துவிடும். அது எந்த வழியாக வரும் என்பதைச் சில மாதங்களுக்கு முன்பே அறிந்து பாறைகளை நிறுத்திவைக்கவும் இயலாது.

இதைவிட என்னை அதிகம் தயங்கவைப்பது வேறொன்று. சூறாவளி கடலைக் கலக்கி, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து, தன் வலிமையைத் தானே ஓரளவு குறைத்துக்கொள்கிறது. உருகிய பனியின் நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் அது மேலே தனிப் படலமாகத் தங்கி, இந்தக் கலப்பைத் தடுக்கக்கூடும். அமேசான் ஆற்றுநீர் பரவும் அட்லாண்டிக் பகுதியிலும், கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து சேரும் நம் வங்கக் கடலிலும் இத்தகைய நன்னீர்ப் படலம் புயலுக்குத் துணைபோவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெயில் அந்தப் படலத்தைச் சூடாக்கிவிட்டால், மருந்தாகக் கொண்டுவந்த நீரே நோயை வளர்க்கும்.

மேலும், தங்கள் தோழி கேட்கும் இரண்டு பயன்களும் ஒன்றுக்கொன்று முரணானவை. கடலைக் குளிர்விக்கப் பனி கடலிலேயே உருக வேண்டும். குடிநீராக வேண்டுமானால் உருகாமல் காக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் புயலை விட்டுவிட்டுக் குடிநீருக்காக மட்டும் கொண்டுவரலாமா?
- அவருடைய தோழி

பதில்: இந்தக் கேள்வியை நான் மிகுந்த மதிப்போடு வரவேற்கிறேன். சவூதி இளவரசர் முகம்மது அல் பைசலின் ஆதரவோடு 1977-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு மாநாடு நடந்தது. அலாஸ்காவிலிருந்து ஒரு பனித்துண்டும் அங்கே கொண்டுவரப்பட்டது. பனிப்பாறையை இழுப்பதும் புதிய செயலன்று; நியூஃபவுண்ட்லாந்தின் எண்ணெய்க் கிணற்று மேடைகளை நெருங்கும் பாறைகளை இழுவைக் கப்பல்கள் கயிறு சுற்றி விலக்கிவிடுவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆனால் அது சிறிது தூரம் திசைமாற்றும் வேலை மட்டுமே.

2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரின் குழாய்கள் வறண்டுபோகும் நாள் நெருங்கியபோது, கப்பல் மீட்பு வல்லுநர் நிக் ஸ்லோன் அண்டார்டிக் பாறை ஒன்றை உறையிட்டு இழுத்துவரும் திட்டத்தை முன்வைத்தார். தென்கடலின் பாறைகள் தட்டையாகவும் பெரியதாகவும் இருப்பதால், பயணத்தில் கரைவது போக மிஞ்சுவதும் அதிகம் என்பது அதன் நியாயம். எனினும் பாறையின் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருப்பதால் அது துறைமுகத்தை நெருங்க முடியாது. நடுக்கடலிலேயே வெட்டியும் உருக்கியும் நீரைக் கரைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். செலவு மிகுவது அங்கேதான் என்று நான் கருதுகிறேன். அவ்வாண்டு மழை வந்து நகரைக் காத்தது. திட்டம் ஏட்டிலேயே நின்றுவிட்டது.